டப்பாவில் அடைத்த வாயு!

ரத்த ஓட்டத்தைப் பெருக்கும், இருதயத்துக்குப் பலம் தரும் என்று சொல்லி ஒருவகைப் பொடியை டப்பாக்களில் விற்கிறார்கள். உடம்பில் "நைட்ரிக் ஆக்ஸைடு" என்ற வாயுவை அது உண்டாக்குமாம். நோபல் பரிசு பெற்ற விஷயம் என்று விளம்பரம் வேறு!

வாயு உண்மை. பரிசும் உண்மை. சந்தேகம் பொடியில்தான்.

மோட்டார் வண்டிப் புகையில் உள்ள வாயு இது. (பல் டாக்டர் கொடுக்கும் "சிரிப்பு வாயு" வேறு.) நம் ரத்தக் குழாய்களின் உட்சுவரும் இதைத் துளித் துளியாகத் தயாரிக்கிறது. உடனே குழாய் தளர்ந்து விரிகிறது. ரத்தம் தாராளமாக ஓடுகிறது. சில வினாடிகளில் வாயு மறைந்துவிடுகிறது.

நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையின் ரகசியமும் இதுதான். பாறையைப் பிளக்கும் டைனமைட்டில் இருப்பதும் அதே நைட்ரோகிளிசரின்! டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்பிரட் நோபலுக்கே இருதய நோய் வந்தது. 1896-ல், அவர் இறந்த வருடம், டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் இந்த மருந்துதான். விதியின் விளையாட்டைப் பார் என்று அவர் கடிதம் எழுதினார்.

மருந்து கேட்டது, எப்படிக் கேட்டது என்பது மட்டும் விளங்கவில்லை. அது உடம்பில் நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடுகிறது என்று 1977-ல் முராட் என்ற அமெரிக்க டாக்டர் காட்டினார். அவருக்கும், பர்ச்காட், இக்னாரோ என்ற விஞ்ஞானிகளுக்கும் 1998-ல் பரிசு கிடைத்தது. டைனமைட் விற்ற பணத்தில் நோபல் ஏற்படுத்திய பரிசு!

பொடிக்கு வருவோம். பல டப்பாக்களில் இருப்பது "ஆர்ஜினைன்". கடலையிலும் பருப்பிலும் மீனிலும் உள்ள சத்துதான். இதிலிருந்துதான் உடம்பு அந்த வாயுவைச் செய்கிறது. அப்படியானால் நிறையச் சாப்பிட்டால் நல்லதுதானே?

அமெரிக்க டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். மாரடைப்பு வந்து பிழைத்த 153 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆர்ஜினைன் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் போலி மருந்து. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தார்கள். மற்றவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. இருதயத்துக்குப் பலனும் தெரியவில்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தி, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள்.

இருதய நோயாளிகள் பொடி வாங்குமுன் இதை அறிந்திருக்க வேண்டாமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண்மைக் குறைவுக்குச் சாப்பிடும் "சில்டெனாபில்" மாத்திரை, இதே வாயுவின் வேலையை நீடிக்கச் செய்கிறது. அதோடு நைட்ரோகிளிசரினும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் உண்டு. நெஞ்சு வலியோடு வருகிறவரிடம், அந்த மாத்திரை சாப்பிட்டதுண்டா என்று டாக்டர் கேட்பது இதனால்தான்.