கணக்கேடு யாருடையது?

நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் வங்காளப் புத்தாண்டில், கொல்கத்தா வணிகர்கள் 'ஹால்காதா' என்னும் புதுக்கணக்கைத் தொடங்குகின்றனர். சிவப்புத் துணி அட்டையிட்ட பேரேட்டைக் காளிகாட்டிலோ தட்சிணேசுவரத்திலோ வைத்து வழிபட்ட பின் எழுதத் தொடங்குவோர் பலர். பழைய பேரேடு அலமாரிக்குப் போனாலும் எந்நாளும் எடுத்துப் படிக்கலாம். அதை விற்ற கடைக்காரரின் அனுமதி வேண்டியதில்லை.

கணினிக் கணக்கில் இவ்வுரிமை அத்துணை உறுதியானதன்று. மூலநிரலை மறைத்து விற்கப்படும் மென்பொருளின் உரிமக் காலம் முடிந்தால், நம் கணக்கை நாமே திறக்க இயலாத நிலை நேரக்கூடும்.

இதே கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1955-இல் நாட்டின் முதல் இலக்கமுறைக் கணினி வந்திறங்கிய காலத்தில், மென்பொருள் தனி வணிகப் பொருளாக வளர்ந்திருக்கவில்லை. ஐபிஎம் நிறுவனம் 1969-இல்தான் அதற்குத் தனி விலை வைக்கும் முடிவை அறிவித்தது. அதே நிறுவனம் 2019-இல், திறமூல மென்பொருளுக்குப் பராமரிப்புச் சந்தா பெற்று வளர்ந்த ரெட் ஹாட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மைக்ரோசாஃப்ட்டும் 2014-இல் தன் டாட் நெட் மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவிடத் தொடங்கியது.

இம்மாற்றத்தை நாம் அறக்கொடையாகக் கருதவில்லை. நிரலை விற்பதைவிட, அதைப் பராமரிப்பதிலும் இணையவழி இயக்கித் தருவதிலும் வருவாய் நிலையாக இருப்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. ஆதாயம் குறைந்தால் கதவை மூடவும் அவை தயங்குவதில்லை. தரவுத்தள மென்பொருளான ரெடிஸ் 2024-இல் தன் உரிம விதிகளை இறுக்கியது. ஆயினும், முன்பே திறந்துவிட்ட நிரலைத் திரும்பப் பெற இயலவில்லை. அதனைக் கொண்டே பிறர் 'வால்கீ' என்னும் மென்பொருளைத் தொடர்ந்தனர். அடுத்த ஆண்டே ரெடிஸ் மீண்டும் திறமூல உரிமத்தையும் ஏற்றது. பயனாளருக்குத் திறமூலம் தரும் உண்மையான பாதுகாப்பு இதுவே.

திறமூலம் என்பதால் செலவே இல்லை என எண்ணிவிடலாகாது. பராமரிக்க ஆள் வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாது நிறுவ வேண்டும். எனவே கணக்கு மென்பொருள் வாங்கும் சிறுதொழில் முனைவோர், விலைக்கு முன்பாக மூன்றைக் கேட்குமாறு வேண்டுகிறோம். நம் பதிவுகள் அனைத்தையும் பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா? விற்றவர் தொழிலை விட்டால் வேறொருவர் பராமரிக்க இயலுமா? உரிமம் எவற்றை அனுமதிக்கிறது, எவற்றைத் தடுக்கிறது?

கடன் பத்திரத்தைப் படிக்காமல் நாம் கையொப்பமிடுவதில்லை. மென்பொருள் உரிமத்தையும் அவ்வாறே படித்தறிவோம். பேரேடு கணினிக்குள் புகுந்தாலும் அதன் திறவுகோல் வணிகரிடமே இருத்தல் வேண்டும்.