மனேஜர் லொறியில் ஏறும் நாளில் சாப்பாடு எத்தனை மணிக்கு?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சாமான் விநியோகிக்கும் ஏஜென்சிக்காரர்கள் நம்மவர்களிலும் கணிசமாக இருக்கிறார்கள். பிஸ்கட், சவர்க்காரம், பால்மா, சோடா என்று ஏதோ ஒரு கொம்பனியின் முகவராக இருப்பவர்களுக்கு, "நாளைக்கு ஏரியா மனேஜர் உங்கள் லொறியில் ரூட் வருகிறார்" என்ற தொலைபேசி அழைப்பு புதிதல்ல. அழைப்பு வந்தவுடன் லொறி கழுவப்படுகிறது. பில் புத்தகங்கள் ஒழுங்காகின்றன. உதவியாளுக்குப் புதுச் சேர்ட் கிடைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இது ஒரு சில்லறை விடயம் என்று நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு முடிவுக்கு வரவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனேஜர் கூட வரும் நாளில் சாரதியும் விற்பனைப் பிரதிநிதியும் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடினால், அன்று கிடைப்பது பொய்க்கணக்கு. அந்தக் கணக்கை வைத்துத்தான் பின்னர் ரூட் போடுகிறார்கள், இலக்குப் போடுகிறார்கள். ஆகவே அன்று சாப்பாட்டுக்கு நிறுத்துவது உபசாரமல்ல, வியாபாரம். நிறுத்தச் சொல்ல வேண்டியவர் சாரதியுமல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு ஏஜென்சியில் நடந்ததைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவு போய், புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன் என்று சுற்றிவரும் ரூட். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு மாத்திரம் சுமார் 50 கிலோமீற்றர். முழுச் சுற்றும் 200 கிலோமீற்றரைத் தாண்டும். வழமையாக முப்பது கடைக்கு மேல் முடியாது. அன்று கொழும்பிலிருந்து வந்த மனேஜர் முன்சீட்டில் இருந்தார். சாரதியும் பிரதிநிதியும் உதவியாளும் ஆளையாள் பார்த்தார்கள். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு மணியளவில் ஒரு கடையில் பிஸ்கட்டும் சோடாவும் வாங்கி ஓடும் வாகனத்திலேயே சாப்பிட்டார்கள். நாற்பது கடை முடிந்தது. மனேஜர் குறிப்பேட்டில் நாற்பது என்று எழுதினார்.

பின்னர் இரு பக்கத்தாரிடமும் பேசும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பொடியன்கள் சொன்னது: "சேர் இந்த ரோட்டுக் கடையில் சாப்பிடுவாரோ தெரியாது, கேட்க வெட்கமாக இருந்தது. நிறுத்தினால் சோம்பேறி என்று எழுதிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது." மனேஜர் சொன்னதைக் கேட்டால் சிரிப்பு வரும். அவருக்கு ஒரு மணிக்கே வயிறு கடித்ததாம். ஆனால் இவர்கள் நிறுத்தாமல் போவதுதான் வழக்கம் போலும், நான் கேட்டு ரூட்டைக் குழப்பக் கூடாது என்று பேசாமல் இருந்தாராம். நான்கு பேரும் பசியோடு ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு பரந்தன் வரை போயிருக்கிறார்கள்!

சிரிப்பு அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் அந்த ரூட்டுக்கு நாற்பது கடை என்று கடிதம் வந்தது. கடைசிப் பத்துக் கடைகளுக்கும் பிரதிநிதி தொலைபேசியில் ஓடர் எடுக்கத் தொடங்கினார். காலாவதியான சாமானைத் திருப்பி எடுக்க நேரமில்லை என்று விட்டதில் கடைக்காரர்கள் காசைப் பிடித்து வைத்தார்கள். சில மாதத்தில் சாரதி வேறு இடத்துக்குப் போய்விட்டார். இந்தக் காலத்தில் முல்லைத்தீவின் உள்வீதிகளும் கடைகளும் தெரிந்த ஒரு நல்ல சாரதியை இழப்பது எவ்வளவு நட்டம் என்பதை முதலாளிமாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது வன்னிக்கு மட்டும் உரிய பிரச்சினையுமல்ல. 1907இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய யூ.பி.எஸ். பார்சல் நிறுவனத்தில், மேற்பார்வையாளர் சாரதியோடு வாகனத்தில் ஏறி நாள் முழுக்கக் கூடச் செல்வது நெடுங்கால வழக்கம். டீம்ஸ்டர்ஸ் என்ற பெரிய தொழிற்சங்கம் அங்கே இருக்கிறது. 2023இல் அந்நிறுவனத்தோடு அது செய்த ஒப்பந்தம் சுமார் 3,40,000 தொழிலாளரைச் சார்ந்தது. அங்கே பழைய சாரதிகள் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம் என்னவென்றால், மேற்பார்வையாளர் ஏறும் நாளில் மற்ற நாட்களைப் போலவே ஓட்ட வேண்டும், சாப்பாட்டு நேரத்தை ஒரு நிமிடமும் குறைக்காமல் எடுக்க வேண்டும் என்பதுதான். அன்று பசியோடு ஓடிக் காட்டினால் அதுவே நாளைய அளவுகோலாகிவிடும் என்பது அவர்கள் பட்டறிந்த விடயம். அவர்களுக்குப் பின்னால் சங்கம் இருக்கிறது. எங்கள் பொடியன்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு முதலாளிதான் சங்கம் என்று நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பார்த்துக்கொண்டிருந்தால் மனிதன் வேறு மாதிரி வேலை செய்வான் என்பதும் பழைய செய்தி. சிக்காகோவுக்கு அருகே ஹோதோர்ன் என்ற தொழிற்சாலையில் 1927இல் ஒரு சில பெண் தொழிலாளரைத் தனி அறையில் வைத்து ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். இடையிடையே ஓய்வு கொடுத்தபோது உற்பத்தி கூடியது. பிறகு ஓய்வை நிறுத்தியபோதும் உற்பத்தி குறையவில்லை. தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதாலேயே அப்படி நடந்தது என்று பலகாலம் பாடப்புத்தகங்கள் எழுதின. அந்த விளக்கத்தைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் மறுத்ததும் உண்டு. எனினும் முன்சீட்டில் மனேஜரை வைத்துக்கொண்டு எடுத்த கணக்கு சாதாரண நாளின் கணக்கல்ல என்பதை விளங்கிக்கொள்ள அவ்வளவு பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இங்கே சிலர், எட்டு மணித்தியாலத்துக்குச் சம்பளம் கொடுக்கிறேன், அதில் ஒரு மணித்தியாலம் சாப்பாட்டுக்குப் போனால் எனக்கு நட்டம்தானே என்பார்கள். அப்படியல்ல. எங்கள் நாட்டின் 1954ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் சாதாரண வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுக்கிறது. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் விடும் நேரம் அந்த எட்டுக்குள் சேராது. லொறிச் சாரதிகள் விடயத்தில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கான சம்பளச் சபையின் விதிகளும் இருக்கின்றன. உங்கள் ஆட்களுக்கு எது பொருந்தும் என்பதைத் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் ஒரு தரம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. மேலே சொன்ன நாற்பது கடையும் சாப்பாட்டு நேரத்தையும் விழுங்கித்தான் முடிந்தது என்பதை மாத்திரம் இப்போதைக்கு மனதில் வைப்போம்.

மேலும், மனேஜரும் சாரதியும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்போது மனேஜர் கொப்பியைத் திறந்து, "அந்தக் கடையில் கடன் ஏன் கூடியிருக்கிறது?" என்று தொடங்கினால் அதுவும் இடைவேளை ஆகாது. கலிபோர்னியா மாநில உயர்நீதிமன்றம் 2012இல் ஓர் உணவக நிறுவனத்தின் வழக்கில், சாப்பாட்டு இடைவேளையில் தொழிலாளியை எல்லா வேலையிலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சோற்றில் கை வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லும் அவஸ்தையை அனுபவித்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் நியாயம் புரியும்.

பாதுகாப்பு விடயத்தை நீட்ட விரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிப்படி பாரவாகனச் சாரதி நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். இந்தியாவின் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவிடாமல் வேலை வாங்கக் கூடாது, அரை மணித்தியாலமாவது ஓய்வு வேண்டும் என்றது. எங்கள் ஏ9 வீதியில் இருட்டியபின் மாடுகள் படுத்திருப்பதையும், நெடுங்கேணிப் பக்கம் யானை நிற்பதையும் கண்டவர்கள், மத்தியானம் சாப்பிடாத ஒருவரின் கையில் மாலையில் லொறியைக் கொடுக்கத் துணிவார்களா என்பதே என் கேள்வி.

வன்னியில் மத்தியானத்தின் வியாபாரப் பெறுமதியையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் கிராமத்துக் கடைக்குப் போனால் கடை முதலாளி பெரும்பாலும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். கடையில் பிள்ளையோ வேறு யாரோ இருப்பார்கள். ஓடர் சொல்லவும் காசு தரவும் அவர்களுக்கு அதிகாரமில்லை. "பிறகு வாங்கோ" என்ற பதில்தான் கிடைக்கும். அந்த வெயிலில் லொறியின் பின்கதவைத் திறந்து திறந்து மூடினால் சொக்கலேட்டின் கதி என்ன என்பதும் தெரிந்ததே. ஆக, நாங்கள் நட்டம் என்று நினைக்கும் அந்த ஒரு மணித்தியாலம் ஏற்கனவே மலிந்த நேரம். ஓமந்தையில் சோதனைச் சாவடி இருந்த காலத்தில், 2002இல் பாதை திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை, வரிசையில் நின்றபடியே பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட சாரதிகள் இன்னும் இருக்கிறார்கள். அன்று நேரத்தைத் தீர்மானித்தது சாவடி. இன்று பாதை திறந்து கிடக்கிறது. நேரத்தைத் தீர்மானிப்பது நாம்தான்.

எங்கே நிறுத்துவது என்பதும் இங்கே இலேசான கேள்வியல்ல. நம் ஏஜென்சி ஒன்றின் லொறியில் தமிழ்ச் சாரதி, முஸ்லிம் பிரதிநிதி, சிங்கள மனேஜர் என்று இருப்பது சாதாரணம். வெள்ளிக்கிழமை என்றால் சாரதிக்கு மரக்கறி, பிரதிநிதிக்கு ஜும்ஆவும் ஹலாலான கடையும் வேண்டும், மனேஜருக்கு எதுவும் ஓகே, ஆனால் எவரிடமும் கேட்கமாட்டார். முறிகண்டியில் நிறுத்தினால் எல்லோரும் கச்சான் வாங்கலாம், அது சாப்பாடாகாது. ரமழான் நோன்பு காலத்தில் நோன்பாளியான சாரதிக்குச் சாப்பாடு இல்லைதான், ஆனால் லுஹருக்குப் பின் அரை மணித்தியாலம் சாய்ந்திருக்க அவருக்கும் நேரம் வேண்டும். "நீ சாப்பிடுவதில்லையே, ஓட்டு" என்று சொன்ன ஒருவரையும் நான் கண்டிருக்கிறேன்.

இதற்கெல்லாம் ஏஜென்சி முதலாளி செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. முதல்நாள் இரவே மனேஜருக்கு எடுத்து, எங்கள் ஆட்கள் இத்தனை மணிக்கு மாங்குளத்தில் அல்லது புதுக்குடியிருப்பில் சாப்பிடுவார்கள், நீங்களும் சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். காலையில் சாரதியின் கையில் நான்கு பேரின் சாப்பாட்டுக் காசைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மனேஜரின் கோழிப் புரியாணி, பொடியன்களின் பேட்டாக் காசிலிருந்துதான் போகும், கேட்கவும்மாட்டார்கள். ரூட் தாளில் சாப்பாட்டு நேரத்தைத் தொடக்கம் முடிவு இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இப்போது பிரதிநிதியின் டெப்பிலும் வாகனத்தின் ஜீ.பி.எஸ்.ஸிலும் எல்லாம் பதிவாகிறது. பில் விழாத அந்த முக்கால் மணித்தியாலம் கொழும்புக் கந்தோரில் சும்மா நின்றதாகத் தெரியாமல் இருக்க இந்த ஒரு வரி போதும். மனேஜர் எழுதும் கடைக் கணக்கின் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்கி, அதே ரூட்டின் முந்திய நான்கு வாரக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் உடனே எழுதி அனுப்புங்கள்.

கொம்பனி கோபிக்காதா என்று ஒரு முதலாளி என்னிடம் கேட்டார். 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபா வரை போனபோது ஒரே பயணத்தில் கூடிய கடை என்று எல்லாக் கொம்பனியும் நெருக்கியது உண்மை. ஆனால் பில் எழுதிவிட்டுக் காசு வராத கடையால் கொம்பனிக்கும் பயனில்லை. அது அவர்களுக்கும் தெரியும். முடிந்தால் மாதக் கடைசி வாரத்தில் மனேஜர் வருவதைத் தவிர்க்கக் கேளுங்கள். அந்த வாரத்தில் இலக்கு முடிக்கும் அவசரத்தில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. இரண்டாம் வாரத்துக்கு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். மாதக் கடைசியில் அவர்களுக்கும் கந்தோரில் வேலை குவிந்திருக்கும்.