கடலடைப்பின் கரைப் பக்கம்

போன மே மாதம் அண்ணன் மகன் விடுமுறைக்கு என் வீட்டுக்கு வந்தபோது மடிக்கணினியையும் கொண்டுவந்திருந்தான். பிளஸ் ஒன் முடித்திருந்த பிள்ளை. வெயில் தணியும்வரை கூடத்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ விளையாடுவான். ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட விளையாட்டு அது. 1444இலிருந்து 1821 வரை ஏதாவது ஒரு நாட்டை நாம் நடத்திக்கொண்டு போக வேண்டும். நான் கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறவள். முதல் இரண்டு நாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

என்னை உட்காரவைத்தவை கப்பல்கள். நம் பாடப்புத்தகத்தில் கடற்போர் என்றால் ஒரு தேதி, இரண்டு தளபதிகள், யார் ஜெயித்தார் என்று ஒரு வரி. இந்த விளையாட்டில் கப்பல்கள் மோதிக்கொள்ளும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் பராமரிப்பு. பெரிய போர்க்கப்பல், இலகு கப்பல், துடுப்புக் கப்பல், ஆள் ஏற்றும் கப்பல் என்று நான்கு வகை. வணிகத்தைக் காக்க இலகு கப்பல் வேண்டும். துடுப்புக் கப்பலுக்கு மத்தியதரைக் கடல் போன்ற உள்கடலில்தான் பலம். எந்தக் கப்பலானாலும் தன் துறைமுகத்தை விட்டுத் தொலைவில் அதிக நாள் நின்றால் தேய்ந்துபோகும். பழுதுபார்க்கத் திருப்பி அழைத்தால், அடைத்து வைத்த துறைமுகம் அந்த இடைவெளியில் திறந்துகொள்ளும்.

“ரெண்டு அணியையும் ஒண்ணா அனுப்பக் கூடாது அத்தை. ஒண்ணு வாசல்ல நிக்கணும், இன்னொண்ணு ரிப்பேர்ல இருக்கணும்” என்றான். இன்னொன்றும் சொன்னான். கடலோரக் கோட்டையைத் தரைப்பக்கம் மட்டும் வளைத்துக்கொண்டால் அது லேசில் விழாது. கடலிலும் ப்ளாக்கேட் போட வேண்டும். கடல் திறந்திருக்கும்வரை முற்றுகைக் கணக்கில் நமக்குப் புள்ளி குறைவாகவே இருக்கும்.

நான் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கர்நாடகப் போர்கள் பற்றிய புத்தகத்தை எடுத்துவந்தேன். அவன் சொன்ன விதி எங்கள் ஊருக்கு வடக்கே, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய புதுச்சேரியில், அப்படியே நடந்திருக்கிறது.

1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி எங்கள் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அந்த டிசம்பரில் சென்னைக் கோட்டையை வளைத்தார். இரண்டு மாதம் பீரங்கி முழங்கியது. ஆனால் கடலை அடைக்க அவரிடம் கப்பல் இல்லை. 1759 பிப்ரவரி 16 அன்று ஆங்கிலேயரின் உதவிக் கப்பல்கள் சென்னைக்கு முன்னால் வந்து நங்கூரம் போட்டன. லாலி முற்றுகையைக் கைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி தாஷே ஒரு சண்டைக்குப் பிறகு மொரீஷியசுக்குத் திரும்பினார். அவர் மறுபடி இந்தக் கரைக்கு வரவே இல்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றதுதான் லாலியின் முடிவுக்குக் காரணம் என்று நான் பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இப்போது அதை மாற்றிக்கொண்டேன். தாஷே பாய் விரித்துப் புறப்பட்ட நாளிலேயே புதுச்சேரியின் ஒரு கதவு சாத்தப்பட்டுவிட்டது.

1760இல் தரையில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் புதுச்சேரியை நெருங்கினார். கடலில் அட்மிரல் ஸ்டீவன்ஸ் நின்றார். நம் சோழமண்டலக் கரையில் அப்போது ஒதுங்க ஒரு துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரம் போட வேண்டும். அலையைத் தாண்டிச் சரக்கை இறக்க மசுலா, சலங்கு என்ற கரைப் படகுகள் வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் நிற்பதே ஆபத்து. அக்டோபரில் ஸ்டீவன்ஸ் சில கப்பல்களைப் புதுச்சேரிக்கு எதிரே விட்டுவிட்டு, மற்றவற்றைப் பழுதுபார்க்கத் திருகோணமலைக்குக் கொண்டுபோனார். டிசம்பர் கடைசியில் திரும்பி வந்தார். ஒன்று வாசலில், இன்னொன்று ரிப்பேரில். இதைப் படித்துக் காட்டியதும் என் மருமகன் முகத்தில் வந்த வெளிச்சத்தை எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

1761 ஜனவரி முதல் நாள் புயல் அடித்தது. ஆங்கிலேயரின் மூன்று கப்பல்கள் மூழ்கின, மூன்று கரையில் மோதின. ஏறக்குறைய 1,100 பேர் செத்தார்கள். லாலி உடனே பழவேற்காட்டிலிருந்த தன் ஆளுக்குக் கடிதம் எழுதினார்: ஆங்கிலக் கடற்படை ஒழிந்தது, ஒரு நொடியும் வீணாக்காமல் சலங்கு சலங்காக அரிசி அனுப்பு என்று. பிரெஞ்சுத் தளபதியின் கடைசி நம்பிக்கை நம் கரைப் படகின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தப் படகுகள் வந்து சேரவில்லை. தப்பிய கப்பல்களோடு ஸ்டீவன்ஸ் ஒரு வாரத்துக்குள் மறுபடி கடலை அடைத்துவிட்டார். ஜனவரி 16 அன்று வில்லியனூர் வாசல் வழியாக ஆங்கிலப் படை நகருக்குள் போயிற்று.

கப்பலில் நிற்பவனின் கவலையை இவ்வளவு துல்லியமாகச் சொல்லித்தரும் வேறு எதையும் நான் கண்டதில்லை. பாய், பலகை, பருவம், பொறுமை என்று ஒரு பதினாறு வயதுப் பையன் யோசிக்கிறான். பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கெட்டுப்போகிறார்கள் என்று புலம்பும் பெற்றோர்கள் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் மனக்குறை வேறு. அது கரையில் இருக்கிறது.

விளையாட்டில் முற்றுகை போகப்போக சிறு பெட்டியொன்றில் செய்தி வரும். உணவுப் பற்றாக்குறை என்று ஒரு நாள் வரும். உடனே முற்றுகையிடுகிறவனுக்குச் சாதகமாக எண் கூடும். என் மருமகன் கையைத் தட்டுவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அந்தத் திரை அவனுக்குக் காட்டுவது அவ்வளவுதான். அடைபட்ட துறைமுகத்தின் வருமானம் குறையும், மாகாணம் சீரழியும், நாட்டுக்குப் போர்க்களைப்பு ஏறும். எல்லாம் அரசனின் கணக்குகள். அடைபட்ட ஊரில் யார் வீட்டு அடுப்பு முதலில் அணைந்தது என்பதற்கு அங்கே இடமில்லை.

புதுச்சேரியில் அது யார் என்று நமக்குத் தெரியும். 1760 நவம்பர் 27 அன்று, கையிருப்புத் தானியம் சிப்பாய்களுக்கு நீடிக்க வேண்டும் என்பதற்காக, லாலி ஊர்மக்களில் சுமார் 1,400 பேரைக் கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் போனவர்களை ஆங்கிலக் காவல் வரிசை தடுத்துத் திருப்பியது. பசித்த வாய்கள் உள்ளே இருந்தால்தான் கோட்டை சீக்கிரம் விழும் என்பது அவர்கள் கணக்கு. திரும்பி வந்தவர்களைக் கோட்டையும் சேர்க்கவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே எட்டு நாள் கிடந்தார்கள். புல்லின் வேரைப் பிடுங்கித் தின்றார்கள். அதன் பிறகுதான் கூட் அவர்களைப் போக விட்டார். அவர்கள் நம் மக்கள். தமிழில் பேசி, தமிழில் கெஞ்சியவர்கள். உள்ளே எஞ்சியவர்களும் கடைசியில் யானை, குதிரை, ஒட்டகங்களை அறுத்துத் தின்னும் நிலைக்கு வந்தார்கள்.

புதுச்சேரியில் கப்பல் வந்தால் எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதுவரை 1736இலிருந்து தமிழில் நாட்குறிப்பு எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் இறந்ததும் அதே 1761 ஜனவரியில்தான். கடல் எப்போது திறக்கும் என்று இத்தனை ஆண்டு பார்த்து எழுதிய ஒருவர், அது மூடிக் கிடந்த மாதத்தில் கண்ணை மூடினார் என்பதை நினைக்காமல் என்னால் கடற்கரைச் சாலையில் நடக்க முடிவதில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றமல்ல. இந்த விளையாட்டில் அவ்வப்போது ஒரு சாளரம் திறந்து நிலைமையை விவரிக்கும். கீழே இரண்டு மூன்று வழிகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால்தான் நகரலாம். ஒரு வால்வெள்ளி தெரிந்தாலும் அப்படி ஒரு சாளரம் வருகிறது. நீண்ட கடல் முற்றுகைக்கும் அது வர வேண்டும். கோட்டைக்குள் இருப்பவனிடம் கேட்கட்டும்: ஊர்மக்களை வெளியே அனுப்புகிறாயா, உன் சிப்பாய்க்குக் கால் வயிறு போடுகிறாயா? வெளியே இருப்பவனிடமும் கேட்கட்டும்: அவர்களுக்கு வழி விடுகிறாயா, முற்றுகை இன்னும் மூன்று மாதம் நீண்டாலும் பரவாயில்லையா? இரண்டு பேரும் பதில் சொல்லியாக வேண்டும், இரண்டுக்கும் விலை இருக்க வேண்டும். லாலியும் கூட்டும் உண்மையில் எடுத்த முடிவுகள் இவை. பாய்மரத் தேய்மானத்தைக் கணக்கிடத் தெரிந்த நிரலாளர்களுக்கு இது எட்டாத வேலையில்லை. 2025 நவம்பரில் வந்த ஐந்தாம் பாகத்தில் மாகாணத்து மக்களையே குழு குழுவாக எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. எண்ணப்பட்டவர்களுக்குப் பசிக்கும் என்பதையும் ஆடுகிறவன் முன் வைக்க வேண்டும்.

விளையாட்டில் எதற்கு அழுகை என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். போரை விளையாட்டாக்கலாம் என்றால் அதன் முக்கியமான ஆயுதத்தையும் காட்ட வேண்டாமா என்பது என் பதில். கடல் முற்றுகையில் கப்பல் வெறும் பூட்டு. கொல்வது பசி. பூட்டை மட்டும் பளபளவென்று வரைந்துவிட்டு மற்றதை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பில் இதை முயன்று பார்த்தேன். கணினி இல்லை, கரும்பலகைதான். ஒரு கோடு கடல், ஒரு கட்டம் கோட்டை, சுற்றிலும் ஆங்கில வரிசை. பாதி வகுப்பு கப்பல்களை நடத்தியது. எந்த அணி எப்போது திருகோணமலை போக வேண்டும் என்று நன்றாகவே சண்டை போட்டார்கள். மீதிப் பாதிக்குக் கோட்டைக்கும் வரிசைக்கும் நடுவிலிருந்த வெற்றிடத்தைக் கொடுத்தேன். நவம்பர் 27, எட்டு நாள், 1,400 பேர் என்று எழுதிப் போட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பத்துப் பெண் ஒருத்தி, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

“கார்த்திகை மாசம் ஆச்சே டீச்சர். மழைக்கு எங்க ஒதுங்குனாங்க?”

கப்பல் நடத்திய பிள்ளைகளும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சாக்பீஸை எடுத்து, அந்த வெற்றிடத்தில் மழைக்கோடுகளைப் போட ஆரம்பித்தேன்.