இருப்பு வைப்பவர் எடுக்கும் நாளையும் எண்ண வேண்டும்



இருப்பு இல்லாமல் நம் தொழில் இல்லை. மஞ்சள் அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அடுப்படிக்கு அது வருடம் முழுவதும் வேண்டும். துவரை விளைவது ஒரு பருவம். சாம்பார் வைப்பது தினந்தோறும். இந்த இடைவெளியை நிரப்புகிறவன்தான் மொத்த வியாபாரி. ஆனால் சரக்கை இருப்பு வைப்பது வேறு, சரக்கு தேங்கிக் கிடப்பது வேறு. பார்வைக்கு இரண்டும் குடோனில் அடுக்கிய மூட்டைகள்தான். வித்தியாசம் கணக்கில்தான் தெரியும். அந்தக் கணக்கை நம்மில் எத்தனை பேர் போடுகிறோம் என்பதே என் கேள்வி.

இதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு சீட்டு விளையாட்டு இருக்கிறது. சீட்டு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது பணம் கட்டி ஆடும் சூதாட்டம் அல்ல. மேஜிக்: தி கேதரிங் என்று பெயர். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கி 1993-ல் கடைக்கு வந்தது. இரண்டு மந்திரவாதிகள் மோதுவதாகக் கற்பனை. பிள்ளைகள் சீட்டுகளை விலைக்கு வாங்குகிறார்கள், தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேரன் இதை ஆடுகிறவன். அவனிடம் விதிகளைக் கேட்டபோது, இதை எழுதியவர் ஏதோ ஒரு மண்டியில் கணக்கு எழுதியவராக இருப்பாரோ என்று தோன்றியது.

ஆட்டத்தில் நிலம் என்று ஒரு வகைச் சீட்டு உண்டு. ஒரு சாதாரண நிலம் ஒரு முறைக்கு ஒரு மானா கொடுக்கும். மானா என்றால் மந்திர சக்தி. நம் கணக்கில் கைமுதல். அதைக் கொண்டுதான் மற்ற சீட்டுகளை இறக்க முடியும். ஆட்டத்தின் அந்தக் கட்டம் முடிவதற்குள் செலவழிக்காத மானா காணாமல் போய்விடும், மறுமுறைக்கு வராது. 2009 வரை இன்னும் கடுமை. வீணான ஒவ்வொரு மானாவுக்கும் ஆட்டக்காரரின் உயிர்க் கணக்கிலிருந்து ஒன்று கழியும். தக்காளி வியாபாரிகளுக்கு இது உடனே புரியும். விற்காத சரக்கு அழுகுவது ஒரு நஷ்டம் என்றால், அதை அள்ளிக் கொட்டக் கூலி கொடுப்பது இன்னொரு நஷ்டம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மானாவைச் சேர்த்து வைப்பதற்கென்றே சில நிலங்கள் உண்டு. நம் ஊர் வழக்கில் குதிர் என்று சொல்லலாம். 1994-ல் வந்த குதிர்களை ஆட்டக்காரர் முடக்கியே வைத்திருக்க வேண்டும். முடக்கி வைத்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு காய் சேரும். வேண்டும்போது காய்களை எடுத்து, காய்க்கு ஒன்றாக மானா பெறலாம். ஐந்து காய் வேண்டுமென்றால் ஐந்து முறை அந்த நிலத்திலிருந்து வரவு இல்லை. ஆக, சேமித்தது எங்கிருந்தோ வந்ததல்ல. அன்றன்றைக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுத்ததுதான்.

2006-ல் வந்த குதிர்கள் இன்னும் நம் குடோனை ஒத்தவை. நிலத்தின் அன்றைய வரவை விட்டுக்கொடுப்பதோடு, ஒரு காயை உள்ளே போட ஒரு மானா கூலி. வெளியே எடுக்கவும் ஒரு மானா கூலி. ஆனால் எத்தனை காய் எடுத்தாலும் அந்த எடுப்புக் கூலி ஒன்றுதான். ஆகவே ஒவ்வொன்றாக எடுப்பவருக்கு நஷ்டம், மொத்தமாக எடுப்பவருக்கு ஆதாயம். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கொடுக்கும் நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. குதிரிலிருந்து எடுத்த மானாவும் அந்தக் கட்டத்துக்குள் செலவாக வேண்டும். பத்துக் காய்களை எடுத்துவிட்டு, இறக்குவதற்குக் கையில் தகுந்த சீட்டு இல்லையென்றால் பத்தும் வீண். பேரன் சொன்ன வார்த்தை இது: "குதிர் நிறைஞ்சிட்டா ஜெயிச்சதா அர்த்தமில்லீங்க அப்புச்சி. எடுக்கற நேரத்துக்குக் கையில சீட்டு இருக்கோணும்."

நம் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஒரு மூட்டை பருப்பு 5,000 ரூபாய், நூறு மூட்டை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதம் வைத்திருந்தால் 12 சதவீத வட்டி 15,000. மூட்டைக்கு மாதம் 10 ரூபாய் வாடகை என்றால் 3,000. ஏற்றி இறக்க மூட்டைக்கு 20 என்றால் 2,000. எடைக் குறைவு அரை சதவீதம் என்றால் 2,500. ஆக 22,500 ரூபாய். மூட்டையின் அடக்கம் 5,225 ஆகிவிட்டது. இத்துடன் நிற்கவில்லை. அதே பணம் மாதம் ஒரு சுற்று சுற்றி, வட்டியும் செலவும் போக 2 சதவீதம் மிஞ்சும் வியாபாரமாக இருந்தால், மூன்று மாதத்தில் மூட்டைக்கு 300 ரூபாய் கிடைத்திருக்கும். விட்டுக்கொடுத்த அந்த வரவையும் சேர்த்தால், 5,525-க்கு மேல் விற்றால்தான் இருப்பு வைத்ததில் பொருள் உண்டு. விலை 5,300 ஆனதும் 300 ரூபாய் லாபம் என்று மகிழ்பவர் பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொண்டவர்.

ஈரோட்டு மஞ்சளை நினைத்துப் பாருங்கள். 2010-ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. 2012-ல் 4,000 ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. இன்னும் ஏறும் என்று வைத்திருந்தவர்களின் முதல் மூட்டையிலேயே கரைந்தது. பொறுத்திருந்தால் விலை வராமலா போகும் என்று கேட்கலாம். 2023-ல் மீண்டும் 10,000 ரூபாயைத் தாண்டி ஏறத்தான் செய்தது. ஆனால் 15,000 ரூபாய்க்கு 12 சதவீதத் தனிவட்டியே பதின்மூன்று ஆண்டில் 23,400 ரூபாய். சரக்கு அதுவரை தாங்கும் என்றே வைத்துக்கொண்டாலும் இந்த வட்டிக்கு யார் பதில் சொல்வது?

ஆட்டத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிராளி நம் குதிரை அழித்துவிட்டால் அதிலிருந்த காய்கள் அத்தனையும் அதோடு போய்விடும். நமக்கு வண்டு உண்டு, மழை உண்டு, அரசு உத்தரவும் உண்டு. 2023 ஜூன் மாதம் மத்திய அரசு துவரைக்கும் உளுந்துக்கும் இருப்பு வரம்பு விதித்தது. ஒவ்வொரு பருப்பிலும் மொத்த வியாபாரிக்கு 200 டன், சில்லறைக் கடைக்கு 5 டன். அதே ஆண்டு செப்டம்பரில் மொத்த வியாபாரியின் வரம்பை 50 டன்னாகக் குறைத்தது. எடுக்கும் நாளை நாம் முடிவு செய்யாவிட்டால் நமக்காக வேறொருவர் முடிவு செய்துவிடுவார்.

இதனால் இருப்பே வைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குதிரே இல்லாதவரால் பெரிய சீட்டை இறக்க முடியாது. தீபாவளிக்குச் சரக்கு சேர்க்காத கடைக்குத் தீபாவளி இல்லை. எதற்காக, எந்த நாள் வரை, என்ன அடக்கத்தில் என்பது தெரிந்து வைப்பதே இருப்பு. தெரியாமல் கிடப்பது தேக்கம்.

ஆகவே சங்க அன்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருப்புப் புத்தகத்தில் சரக்கு வந்த நாளும் விலையும் எழுதுகிறோம். அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்திகள் கோடு போடுங்கள். ஒன்றில் மாதாமாதம் ஏறும் அடக்கத்தை எழுதுங்கள். மற்றொன்றில் எடுக்க வேண்டிய நாளைச் சரக்கு வந்து இறங்கிய அன்றே எழுதுங்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த நாளில் ஒரு முடிவு எடுங்கள். வரும் மார்ச் 31-ல் இருப்பு எடுக்கும்போது, தேதி கடந்து கிடக்கும் மூட்டைகளைத் தனியே எண்ணிப் பாருங்கள். கடையில் பணம் எங்கே முடங்கியிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.