கையெழுத்துப் போடும் முன்

மழைக்காலம் நெருங்கும்போது மும்பையில் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியாகும். எந்தெந்தக் கட்டிடங்கள் ஆபத்தானவை, யார் யார் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மாநகராட்சியும் வீட்டு வசதி வாரியமான மாடாவும் அறிவிக்கும் பட்டியல் அது. ஏறத்தாழ அதே சமயத்தில் பொறியியல் கல்லூரிகளின் தேர்வு முடிவுகளும் வந்துவிடும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றலாம். சம்பந்தம் உண்டு. முதல் பட்டியலில் நம்மவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் கட்டிடங்கள் இருக்கின்றன. இரண்டாவதில் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சிவில் பிரிவில் தேறிய பிள்ளைகளில் கணிசமானோர் இப்போது கட்டமைப்புப் பொறியாளராக விரும்புகிறார்கள். விருப்பம் நல்லதுதான். வேலையும் இருக்கிறது. முப்பது ஆண்டு தாண்டிய எந்தக் கட்டிடமும் உறுதியாக உள்ளதா என்று பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்கிறது மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு. பழைய கட்டிடங்களை இடித்துப் புதிய மாடிகள் எழுப்பும் வேலை தெருவுக்குத் தெரு நடக்கிறது. கணக்குப் போடவும் கையெழுத்துப் போடவும் ஆள் தேவை. அந்தக் கையெழுத்தைப் பற்றித்தான் நாம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

வீடு எப்படி அமைய வேண்டும், சமையலறை எங்கே, ஜன்னல் எங்கே என்று வகுப்பவர் ஆர்க்கிடெக்ட். அது நிற்குமா என்று பார்ப்பவர் கட்டமைப்புப் பொறியாளர். நிற்குமா என்பது சிறிய கேள்வி அல்ல. நம்மில் பலர் குடியிருக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையை எடுத்துக்கொள்வோம். அதன் மேல்தளம் ஐந்து அங்குலக் கனம் என்று வைத்துக்கொண்டால் கான்கிரீட்டின் எடை மட்டுமே மூன்றரை டன் வருகிறது. கட்டில், பீரோ, தண்ணீர் டிரம், கல்யாணத்துக்கு வந்து தங்கிய இருபது பேர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று விதிப்படி கணக்கில் சேர்க்க வேண்டும். அது இரண்டு டன்னுக்கு மேல். ஆக ஓர் அறைக்கு ஐந்தரை டன்னுக்குக் குறையாது. சுவர், உத்தரம் இவற்றின் எடை தனி. இப்படி மாடிக்கு மாடி சேர்ந்து இறங்கும் பாரத்தைக் கீழேயுள்ள சில தூண்கள் சுமக்கின்றன. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் மாற்றி அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது; தூண்களில் கைவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு.

இவ்வளவு பெரிய பொறுப்புக்கு நம் பிள்ளைகள் எப்படித் தயாராகிறார்கள்? பட்டம் கையில் வந்ததும் ஈட்டாப்ஸ், ஸ்டாட் முதலிய கம்ப்யூட்டர் புரோகிராம்களைக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்கிறார்கள். இரண்டு, மூன்று மாதங்களில் சான்றிதழ் கிடைக்கிறது. இருபது மாடிக் கட்டிடத்தைத் திரையில் எழுப்பி, எந்தத் தூணுக்கு எத்தனை கம்பி என்று ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாமல் இன்று எந்த ஆலோசனை அலுவலகமும் நடக்காது. ஆனால் அதற்குத் தப்பான விவரம் கொடுத்தால் தப்பான விடையை நான்கு தசமத்துக்குத் திருத்தமாகச் சொல்லும்! தரைத்தளத் தூணில் 180 டன் வர வேண்டிய இடத்தில் 80 டன் என்று வந்தால், ‘இது இருக்க முடியாதே’ என்று உள்ளே ஒரு குரல் கேட்க வேண்டும். மேலே சொன்ன ஐந்தரை டன் கணக்கைக் காகிதம் இல்லாமல் போட்டுப் பழகியவனுக்குத்தான் அந்தக் குரல் கேட்கும்.

அந்தப் பழக்கம் இரண்டு இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, மூத்த பொறியாளர் ஒருவரின் மேஜைக்குப் பக்கத்தில். மற்றொன்று, வேலை நடக்கும் இடத்தில். இரண்டாவதைத்தான் இன்றைய பட்டதாரிகள் தவிர்க்கப் பார்க்கிறார்கள். வெயிலிலும் சேற்றிலும் நிற்பதற்கா இவ்வளவு செலவு செய்து படித்தோம் என்ற எண்ணம் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்கு அதிகம் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறோம். பால்கனி என்பது கட்டிடத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். அதன்மேல் பாரம் வந்தால் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நசுங்கும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே பால்கனிக்கு முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். வரைபடத்திலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் கான்கிரீட் கொட்டும் நாளில் பாண்டு சுமக்கும் ஆட்கள் அந்தக் கம்பியின்மேல்தான் நடக்கிறார்கள். மிதிபட்டுக் கம்பி கீழே அமிழ்ந்துவிடுகிறது. ஐந்து அங்குலத் தளத்தில் மேலிருந்து ஓர் அங்குலத்தில் இருக்க வேண்டிய கம்பி நடுமட்டத்துக்கு இறங்கிவிட்டால் பால்கனியின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கணக்கு சரி, வரைபடம் சரி, கம்பியின் எண்ணிக்கையும் சரி; ஆனால் பால்கனி சரியில்லை. கம்பிக்கு அடியில் ‘சேர்’ வைத்துத் தாங்க வேண்டும், நடப்பதற்குத் தனியே பலகை போட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை.

சொல்லித்தரக்கூடியவர் சில வீடுகளில் பக்கத்திலேயே இருக்கிறார். தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் கம்பி கட்டியும் சென்ட்ரிங் அடித்தும் மகனைப் பொறியாளராக்கிய தகப்பன்மார்கள் உண்டு. தூணும் உத்தரமும் சேருமிடத்தில் கம்பிகள் நெருக்கியடித்துக் கிடந்தால் கான்கிரீட் உள்ளே இறங்காது என்பது அவர்களுக்குக் கண்ணால் தெரியும். ரிங்கின் கொக்கியைச் சோம்பலால் நேராக விட்டுவிடுவதும், கலவை இளகட்டும் என்று ஒரு வாளித் தண்ணீரை அதிகம் ஊற்றுவதும், கவர் பிளாக் வைக்க மறப்பதும் எந்த வேளையில் நடக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். (மேற்பார்வை பார்ப்பவர் சாப்பிடப் போகும் வேளையில்தான்!) இது கடலோர நகரம். உப்புக்காற்று கம்பியைத் தொட்டால் துருவேறும். துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். சில மில்லிமீட்டர் கவர் குறைவதால் முப்பது ஆண்டில் ஒரு கட்டிடம் கிழடு தட்டிவிடுகிறது. பட்டம் வாங்கிய மகன் தகப்பனாரிடம் இதையெல்லாம் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருவோம். 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில், கூடத்துக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் அறுந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த அந்த இரண்டு பாலங்களும் கூரையிலிருந்து வரும் ஒரே நீண்ட கம்பியில் தனித்தனியே தொங்க வேண்டும் என்பது முதலில் போட்ட திட்டம். செய்வதற்கு எளிது என்று பட்டறையில் அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். அதனால் கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்து தொங்கியது. லோக்கல் ரயிலில் இருவர் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து நிற்பது ஒன்று. ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க, மற்றவர் அவர் இடுப்பைப் பிடித்துத் தொங்குவது வேறு. மேல்பாலத்து இணைப்பில் பாரம் இரு மடங்காகிவிட்டது. மாற்றிய வரைபடத்தில் பொறியாளரின் முத்திரை இருந்தது. மாற்றத்துக்கான கணக்கைத்தான் யாரும் போடவில்லை. பொறுப்பான பொறியாளர்கள் அந்த மாநிலத்தில் தொழில் உரிமத்தை இழந்தார்கள்.

நம் ஊரில் நிலைமை என்ன? கட்டிடக் கலைஞர்களுக்கு 1972-லேயே தனிச் சட்டம் வந்தது. பொறியாளர்களுக்கு அப்படியொரு சட்டம் பல்லாண்டுகள் பேச்சிலும் வரைவிலுமே கிடந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கட்டிட விதித் தொகுப்பு, சிவில் பட்டதாரி கட்டமைப்புப் பொறியாளராகப் பதிவு பெறக் கணக்குப் போடுவதிலும் களத்திலுமாகக் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்றது. இதே துறையில் மேற்பட்டம் பெற்றிருந்தால் இரண்டு ஆண்டு போதும். மாநகராட்சிகள் தத்தம் விதிப்படி உரிமம் தருகின்றன. ஆனால் அனுபவச் சான்றிதழ் எப்படியெல்லாம் கிடைக்கிறது என்பது ஊரறிந்த இரகசியம்.

உரிமம் பெற்ற இளைஞனுக்கு முதல் சோதனை பழைய கட்டிடத்தில் வருகிறது. இடித்தே ஆக வேண்டிய கட்டிடத்துக்கு சி-1 என்று பெயர். ரிப்பேர் செய்து காப்பாற்றக்கூடியது சி-2. வீட்டுக்காரருக்கும் பில்டருக்கும் சி-1 வேண்டும், இடித்தால்தான் லாபம். குடித்தனக்காரர்களில் பலருக்கு சி-2 வேண்டும். வெளியே போனால் திரும்பி வர முடியுமோ என்ற பயம். இரு தரப்பும் ஆளுக்கொரு பொறியாளரிடமிருந்து நேர்மாறான அறிக்கைகளை வாங்கி வருவதும், அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்க மாநகராட்சி ஒரு நிபுணர் குழுவை வைத்திருப்பதும் தெரிந்ததே. தூணைச் சுத்தியல் கருவியால் தட்டிப் பார்த்து, ஒலியலை செலுத்தி, வேண்டிய இடத்தில் உருளையாக ஒரு துண்டு வெட்டி எடுத்துச் சோதித்துச் சொல்ல வேண்டியதை, கூலி கொடுப்பவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் என்ன ஆகும்? சி-1 என்று பொய் சொன்னால் ஐம்பது குடும்பங்கள் தெருவுக்கு வரும். சி-2 என்று பொய் சொன்னால் அதே ஐம்பது குடும்பங்கள் இடிபாட்டுக்குள் போகும். அந்த ஐம்பதில் நம்மவர்களும் இருப்பார்கள். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டிடம் சரிந்தபோது 61 பேர் மாண்டார்கள். அவர்களில் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள் பலர். ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பவர்களின் தலையில்தான் இவை முதலில் விழுகின்றன.

இனி வீட்டுப் பிரச்சினை. ஆலோசனை அலுவலகத்தில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் சம்பளம் குறைவு என்பது உண்மை. பக்கத்து வீட்டுப் பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து இவனைப் போல் இரண்டு பங்கு கொண்டுவருவான். கல்விக் கடன் தவணை மாதம் பிறந்தால் வந்து நிற்கும். தங்கை கல்யாணம் இருக்கும். குமாஸ்தா வேலையில் ஓய்வு பெறும் தருவாயிலுள்ள தகப்பனார், ‘கையெழுத்துப் போட்டால் பணம் தருகிறார்களாமே, போடேன்’ என்று சொல்லிவிடுவது இயற்கை. குடும்பத்தின் நெருக்கடியை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆனாலும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் பெற்றோர்கள் சொல்லக் கூடாது. தவணைக்குப் பணம் வேண்டுமானால் வேறு வேலைக்குப் போகட்டும், அதில் இழுக்கில்லை. பார்க்காத தூணுக்குக் கையெழுத்துப் போட்டுக் கடனை அடைக்க வேண்டாம்.

அலுவலகங்களையும் சும்மா விடுவதற்கில்லை. ‘வேலை கற்றுத்தருகிறோம்’ என்ற பெயரில் பட்டதாரியை மாதக்கணக்கில் இலவசமாகவும், அதன்பின் தச்சர் கூலிக்கும் குறைவாகவும் வைத்திருக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கற்றுத்தருவதும் இல்லை. காலையிலிருந்து இரவு வரை வரைபடம் திருத்துவதோடு சரி. வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் பிள்ளைகள் மூன்று விஷயங்களை விசாரித்துக்கொள்வது நல்லது: நான் போடும் கணக்கை யார் சரிபார்ப்பார், மாதத்தில் எத்தனை நாள் கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்புவீர்கள், என் வரைபடத்தில் யார் கையெழுத்துப் போடுவார். மூன்றுக்கும் நேரான பதில் கிடைக்கும் இடத்தில் ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகத் தந்தாலும் சேரலாம். பெண்பிள்ளைகளைக் ‘களத்துக்கு வேண்டாம், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்’ என்று சொல்லும் அலுவலகங்கள் அவர்களுக்கு உபகாரம் செய்யவில்லை. பாதித் தொழிலை மறைத்துவிடுகின்றன.

மேற்படிப்பு பற்றியும் கேட்கிறார்கள். 1887-ல் தொடங்கப்பட்டு இன்று மாதுங்காவில், நம்மவர் தெருக்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வி.ஜே.டி.ஐ.யிலும், பவாய் ஐ.ஐ.டி.யிலும் இத்துறையில் எம்.டெக். உண்டு, கேட் தேர்வு எழுத வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு போக வேண்டும் என்பதில்லை. தில்லியில் 1972-ல் எழுந்து 2017-ல் இடிக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் அரங்கத்துக்குக் கணக்குப் போட்ட மகேந்திர ராஜ், 1946-ல் பட்டம் பெற்று, பஞ்சாப் அரசின் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து, சண்டிகர் கட்டிடங்களில் பழகிய பிறகே ஐம்பதுகளின் நடுவில் அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போனார். என்ன தெரியவில்லை என்று தெரிந்துகொண்டு படிக்கப் போவது வேறுதான். பத்தாவதோடு டிப்ளமாவில் சேர்ந்தவர்களும் மனம் தளர வேண்டாம். டிப்ளமா முடித்து நேராகப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் சேரும் வழி மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. அப்படி வருபவர்களுக்குக் களம் முன்பே பழக்கமாக இருக்கும்.

ரயில்வேயிலும் துறைமுகத்திலும் தனியார் கம்பெனிகளிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழ்ப் பொறியாளர்கள் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் இருக்கிறார்கள். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் சிரத்தையில் கொஞ்சத்தை இதற்கும் தரலாம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரங்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து, புதிதாகப் பட்டம் பெற்றவர்களையும் பெரியவர்களையும் உட்கார வைக்க வேண்டும். கம்பி கட்டும் மேஸ்திரிகளையும் அழைத்தால் இன்னும் நல்லது. இதை ஏற்று நடத்த முன்வரும் சங்கங்கள் இடத்தையும் நேரத்தையும் நமக்கு எழுதி அனுப்பினால், கட்டணமின்றி வெளியிடுவோம்.