இலவசத்துக்கும் ஒரு முறை வேண்டும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்

சும்மா கிடைக்கும் பொருளுக்கு நியாயம் எதற்கு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

விலைக்கு விற்கும் செல்பேசிச் செயலியைச் சிலருக்கு இலவசமாக அளிக்க, அதனை ஆக்கியவர்கள் 'புரோமோ கோடு' என்னும் குறியீட்டை வழங்குகின்றனர். எழுத்தும் எண்ணும் கலந்த அக்குறியீடு ஒருவருக்கே பயன்படும். அள்ளி வீசவும் இயலாது. ஒரு செயலியின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆப்பிள் நிறுவனம் தருவது 100 குறியீடுகளே. அவையும் 28 நாட்களில் காலாவதியாகிவிடும்.

வரைபடம் வரைந்து காட்டும் கணிதச் செயலி ஒன்றை ஆக்கிய இளைஞர், இணையக் குழு ஒன்றில் 20 குறியீடுகளை வெளிப்படையாகப் போட்டிருந்தார். மளிகைக் கடையில் மாலை வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் அதைக் கண்டேன். இருபதையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தேன். இருபதும் முன்பே பயன்படுத்தப்பட்டவை! கீழே பலரும் என்னைப் போலவே புலம்பியிருந்தனர். 'எனக்குக் கிடைத்தது, நன்றி' என்றவர் ஒருவர்கூட இல்லை. இத்தகைய இடங்களை மனிதர் மட்டுமா படிக்கின்றனர்? குறியீடு தென்பட்டவுடன் கவ்விச் செல்லும் தானியங்கி நிரல்களும் அங்கே காத்திருக்கின்றன.

முந்தியவருக்கே பொருள் என்பது நியாயம்தானே என்பர் சிலர். எங்கள் தெரு ரேஷன் கடையில் அரிசி போடும் நாளன்று, விடியுமுன்னே அம்மா வரிசையில் பையை வைத்துவிட்டு வருவார். ஆயினும் அங்கே அட்டைக்கு இவ்வளவு என்ற கணக்கு உண்டு. பிந்தி வருபவரின் பங்கை முந்தியவர் தூக்கிச் செல்ல முடியாது. இங்கே அந்தக் கணக்கு ஏது?

சிலர் குறியீட்டில் ஓரிடத்தை மறைத்துக் கேள்விக்குறி இடுகின்றனர். 26 எழுத்தும் 10 எண்ணும் சேர்ந்து 36 முயற்சிக்குள் அது அகப்பட்டுவிடும். இயந்திரத்துக்கு அது விளையாட்டு. 'மறைந்திருப்பது சிலந்தியின் கால்களின் எண்ணிக்கை' என்று விடுகதை போடுவோரும் உளர். அது சற்றுத் தேவலாம். எனினும் எந்நேரமும் செல்பேசியும் கையுமாக இருப்பவனே அதிலும் வெல்கிறான்.

என் கருத்து இதுவே. முதலில் குழுவை நடத்துவோரின் இசைவைப் பெறவேண்டும். செயலி தம்முடையது என்பதையும், எத்தனை குறியீடுகள், கெடு என்று என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். வேண்டுவோர் எதற்காகக் கேட்கின்றனர் என்று ஒரு வரி எழுத ஒரு முழு நாள் விடவேண்டும். வேலைக்குப் போகிறவனும் அதற்குள் வந்துவிடுவான். பின்னர்க் குலுக்கலில் தேர்ந்து தனிச்செய்தியில் அனுப்பலாம். இது நேரம் பிடிக்கும் வேலை என்பது உண்மையே. 'ஐந்து நட்சத்திரம் போடுங்கள், தருகிறேன்' என்பதோ கொடையே அன்று, கையூட்டு. கூகுள் பிளேயின் விதிகளும் அதைத் தடுக்கின்றன.

வாங்குபவன் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் முறையாகக் குலுக்கல் நடத்தியதில், சில மாதங்களுக்குப் பின் எனக்கே ஒன்று விழுந்தது. பருவத் தேர்வு நெருங்கியிருந்தது; அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தவன், கெடு முடிந்த பிறகே திறந்தேன். அன்று என்னோடு பெயர் கொடுத்து, கிடைக்காமல் போனவர்கள் நாற்பது பேருக்கு மேல். 'செயலி பயன்பட்டதா, தம்பி?' என்று அவர் ஒரே ஒரு முறை கேட்டிருந்தார். அதற்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.