பட்டமும் பணியறிவும் – ஒரு மறுப்புரை

பொறியியற் பீடத்தின் வாயிலைக் கடவாத ஒருவன் இலத்திரனியலில் கடைநிலைத் திருத்துநனாகவே காலங்கழிக்க வேண்டும் என்பது எமது சமூகத்தில் எழுதப்படாத விதியாக நிலைபெற்றுவிட்டது. உயர்தரப் பரீட்சையில் சில புள்ளிகள் குறைந்தவனை ‘கோட்டைவிட்டவன்’ என்கிறோம். அவன் கையில் பற்றாசுக்கோலைக் கண்டால் இரங்குகிறோம். இவ்விரக்கம் அறிவியல் வரலாற்றுக்கு முரணானது. சமூக நலனுக்கும் கேடானது. இதனைக் கலைப்பீட மாணவனொருவன் எழுதுவதேன் என வினவுவோர்க்கு ஒரு விடையுண்டு: இது மின்சுற்றுப் பற்றிய வழக்கன்று, மனிதரை மதிக்கும் முறை பற்றிய வழக்கு.

முதலில் வரலாற்றை நோக்குவோம். ஒலிவர் ஹெவிசைட் (1850–1925) பதினாறு வயதிற் பள்ளியை விட்டவர். தந்தி இயக்குநராகப் பணிபுரிந்தவர். மக்ஸ்வெல்லின் பெருநூலைத் தாமே கற்றுத் தேர்ந்தவர். மின்காந்தவியலின் அடிப்படையாக இன்று பொறியியல் மாணவர் பயிலும் நான்கு சமன்பாடுகளுக்கு அவ்வடிவத்தை வழங்கியோருள் அவரே தலையாயவர். தொலைபேசிக் கம்பியில் தூண்டலைக் கூட்டினால் ஒலித் திரிபு குறையும் என 1887இல் அவர் நிறுவியபோது, பிரித்தானிய அஞ்சற் திணைக்களத்தின் உயர்பதவியிலிருந்த பிரீஸ் அதனை ஏற்க மறுத்தார். பின்னர் நெடுந்தூரத் தொலைபேசிக்கு அக்கொள்கையே வழிகோலியது. பதவி தவறியது, பட்டமற்ற அறிவு வென்றது.

எமது நாட்டோடு தொடர்புடைய சான்றும் உண்டு. செய்மதிகளைப் புவிநிலையான சுற்றுப்பாதையில் நிறுத்தி உலகெங்கும் செய்தி அஞ்சல் செய்யலாம் என ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்ரோபரில் எழுதியபோது அவர் விமானப்படையில் ராடர் பணியாற்றியவரேயன்றிப் பட்டதாரியல்லர். பட்டம் பெற்றது 1948இல். எந்த மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இடத்துக்காக எம்மவர் இரவு பகலாகத் தவங்கிடக்கின்றனரோ, அப்பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை விளங்கியவரும் அவரே. அண்மைக்காலத்தவரான ஜிம் வில்லியம்ஸ் பொறியியற் பட்டமின்றியே அமெரிக்க நிறுவனங்களில் அனலொக் மின்சுற்று வடிவமைப்பாளராக உயர்ந்தார். 2011இல் அவர் மறைந்த பின்னரும் அவர் எழுதிய செயன்முறைக் குறிப்புகளைப் பொறியியலாளர் பாடமாகக் கொள்கின்றனர்.

‘இவர்கள் மேதைகள், சாதாரணனுக்கு இவர்கள் எவ்வாறு உதாரணமாவர்?’ எனச் சிலர் வாதிடுவர். மேதைகளுக்கே பட்டம் தடையாக நிறுத்தப்பட்டதெனில், சாதாரணனின் நிலை இன்னும் மோசமானது என்பதே இதிலிருந்து பெறப்படுவது. மேலும், இலத்திரனியலின் இயல்பே வேறு. பாலமொன்றைக் கட்டிப் பிழைவிட்டுக் கற்க முடியாது. சிறு மின்கலத்தில் இயங்கும் சுற்றொன்றை நூறுமுறை பிழைவிட்டுக் கற்கலாம். சுற்றே பரீட்சகன், அலைவுகாட்டி எவரிடமும் சான்றிதழ் கேட்பதில்லை. 2005இல் இத்தாலியில் உருவான ‘ஆடுவினோ’ பலகை, பொறியியலாளரல்லாத வடிவமைப்பு மாணவரை மனத்திற்கொண்டே ஆக்கப்பட்டது. உயிராபத்து விளைக்கக்கூடிய மருத்துவக் கருவிகளுக்கும் உயர் மின்னழுத்த வேலைகளுக்கும் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கணிதமின்றி எதுவும் கைகூடாது என்பதையும் மறுக்கவில்லை. ஹெவிசைட் கணிதத்தைத் தவிர்க்கவில்லை. பீடத்துக்கு வெளியே நின்று கற்றார். கணிதம் எவரது சீதனமுமன்று.

அவ்வாறாயின் இம்மனப்பாங்கு எங்கிருந்து வந்தது? ‘கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்’ என்ற குடியேற்றக்கால உத்தியோக மோகம் ஒன்று. கைத்தொழிலைச் சாதியோடு பிணைத்து இழிவுபடுத்திய எமது பழைய நோய் மற்றொன்று. 1970களின் தரப்படுத்தல் மூன்றாவது. பல்கலைக்கழக இடம் அநீதியாக மறுக்கப்பட்டபோது அவ்விடமே இனத்தின் மானமாயிற்று. அக்கோபம் நியாயமானது. ஆயின் இடம் கிடையாத பெருந்தொகையினரை நாமே இரண்டாந்தரத்தவராக்கினோமே, அதற்கு எவரைக் குறைகூறுவது? 1990களில் மின்சாரமின்றி இருண்டிருந்த யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கச் செய்த கைகள் எந்தப் பீடத்திற் பயின்றன?

அரசு வழியேதும் திறக்கவில்லை எனவும் கூறமுடியாது. தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. அதன் ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்விக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் இரத்மலானையில் நிறுவப்பட்டது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு புகுத்தப்பட்டது. எனினும் இவற்றைத் தோற்றவரின் புகலிடமாகவே பெற்றோரும் ஆசிரியரும் காண்கின்றனர். மொழி இன்னொரு தடை. இலத்திரனியற் கூறுகளின் தரவுத்தாள்கள் ஆங்கிலத்திலேயே வருகின்றன. தமிழ்மொழிமூலம் கற்ற இளைஞன் திரான்சிஸ்டரைக் கண்டு அஞ்சவில்லை. அதன் தாளைக் கண்டே அஞ்சுகிறான்.

இங்கேதான் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கடமை எழுகின்றது. விழா எடுப்பதும் பட்டிமன்றம் நடத்துவதும் மட்டுமே தமிழ்ப்பணியாகா. தரவுத்தாளை வாசிக்கக் கற்பிக்கும் எளிய தமிழ்க் கைந்நூல்களைச் சங்கங்கள் வெளியிடட்டும். விடுமுறைநாட்களில் பூட்டிக்கிடக்கும் ஆய்வுகூடங்களை அயலிலுள்ள இளைஞர்க்குத் திறந்துவிடுமாறு விரிவுரையாளர் குரல்கொடுக்கட்டும். நியமனத்திலும் பதவியுயர்விலும் சான்றிதழுக்கு முன்னர் செய்துகாட்டிய வேலையைப் பரிசீலிக்குமாறு நாளை அதிகாரிகளாகப் போகும் நாம் இன்றே உறுதிகொள்வோம். அறிவுக்கு வேலியிட்டுக் காவல்நிற்கும் சமூகம் வேலிக்குள்ளும் நெடுநாள் வளரமாட்டாது.